முதல் கேமிங் பிசி: பின்னால் மாற்றக்கூடியதும் மாற்ற முடியாததும்

முதன்முதலில் பிசி அசெம்பிள் செய்தபோது எனக்கு இருந்த ஒரே கேள்வி, "எது வேகம்?" என்பதுதான். கிராபிக்ஸ் கார்டை முதலில் முடிவு செய்தேன். மிச்சப் பணத்தை மற்ற பாகங்கள் பங்கு போட்டுக்கொண்டன. மானிட்டரின் முறை வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. பழைய 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 படம் காட்டும்) மானிட்டரோடு ஒரு வருஷம் ஓட்டினேன். கார்டு நொடிக்கு 140 பிரேம் வரைந்து தள்ளும். திரை அதில் 60-ஐக் காட்டும்.

இப்போது யாராவது யோசனை கேட்டால் வேறு ஒரு கேள்வியை வைத்துத்தான் ஒப்பிடுகிறேன். இந்தப் பாகத்தைத் தப்பாக வாங்கிவிட்டால், அதை மட்டும் கழற்றி வேறு போட்டுவிட முடியுமா? இல்லை, போகும்போது இன்னும் இரண்டு மூன்று பாகங்களையும் இழுத்துக்கொண்டு போகுமா? எஸ்எஸ்டி, கேபினட் விசிறி எல்லாம் முதல் ரகம். மதர்போர்டு அப்பட்டமான இரண்டாம் ரகம். மானிட்டரும் ஒரு வகையில் இரண்டாம் ரகம்தான், ஏனென்றால் எந்தக் கார்டு வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

1080-ஆ, 1440-ஆ?

1920×1080 திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். 2560×1440-ல் 36.9 லட்சம். அதாவது ஒவ்வொரு பிரேமுக்கும் கார்டுக்கு ஏறக்குறைய 78 சதவீதம் கூடுதல் வேலை. 4கே என்றால் 1080-ஐப் போல நான்கு மடங்கு. முதல் பிசிக்கு அது குருவி தலையில் பனங்காய்.

சுடும் போட்டி ஆட்டங்கள்தான் உங்கள் உலகம் என்றால், 24 அங்குல 1080 திரையில் 144 ஹெர்ட்ஸோ அதற்கு மேலோ எடுங்கள். 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் 16.7 மில்லிசெகண்டு திரையில் நிற்கிறது, 144-ல் 6.9 தான். கையும் கண்ணும் இந்த வித்தியாசத்தை உடனே பிடித்துவிடும். கதை ஆட்டங்கள், திறந்த உலக ஆட்டங்கள் என்று நிதானமாக ஆடுபவர்களுக்கு 27 அங்குல 1440. 27 அங்குலத்தில் 1080 மட்டும் வேண்டாம், எழுத்தெல்லாம் பிசிறடிக்கும். என் ஓட்டு 1440-க்கு. மானிட்டர் இரண்டு கார்டுகளின் ஆயுளையும் தாண்டி மேசையில் நிற்கும் பொருள்.

8 ஜிபியா, 16 ஜிபியா?

கிராபிக்ஸ் கார்டு என்விடியாவா ஏஎம்டியா என்று சண்டை போடுவதற்கு முன்னால் தீர்க்க வேண்டியது, கார்டின் சொந்த மெமரி எவ்வளவு என்பதுதான். 2025-ல் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டுமே 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு வடிவங்களில் வருகின்றன. பெட்டியில் பெயர் ஒன்றுதான், சிப்பும் ஒன்றுதான். 1080-ல் நடுத்தர செட்டிங்கில் இரண்டையும் ஓடவிட்டுப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஏமாறுவது அங்கேதான். டெக்ஸ்சரை (பரப்புகளின் மேல் ஒட்டும் படங்களின் தரத்தை) உச்சத்தில் வைத்து, ரே டிரேசிங்கையும் (ஒளியையும் நிழலையும் நிஜம் போலக் கணக்கிடுவது) 1440-ஐயும் சேர்த்தால் கார்டின் மெமரி நிரம்பிவிடும். நிரம்பி வழிவது, கார்டையும் போர்டையும் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் (பிசிஐஇ) பாதை வழியாக சாதாரண ராமுக்குப் போய் வர வேண்டும். சராசரி பிரேம் கணக்கு அப்போதும் நன்றாகவே இருக்கலாம். ஆனால் ஆட்டம் திடீர் திடீரென்று குலுங்கும், இல்லாவிட்டால் சுவரும் முகமும் களிமண் பூசியது மாதிரி மங்கித் தெரியும்.

இதில் இன்னொரு நுணுக்கம். 5060 டிஐ அந்தப் பாதையின் எட்டு லேன்களில் (தடங்களில்) மட்டுமே பேசும், 9060 எக்ஸ்டி பதினாறிலும் பேசும். புதிய போர்டில் இதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. பிசிஐஇ 3.0 உள்ள பழைய போர்டில் 8 ஜிபி என்விடியா கார்டைச் செருகினால், நிரம்பி வழியும் நேரத்தில் பாதையும் குறுகிவிடுகிறது.

ஆக, 16 ஜிபி. கார்டின் மெமரியைப் பின்னால் கூட்ட வழியே கிடையாது, முழுக் கார்டையும் மாற்றத்தான் வேண்டும். அதன் பிறகு கம்பெனி: ரே டிரேசிங், வீடியோ எடிட்டிங், பிளெண்டர் (3டி வரைகலை மென்பொருள்) என்று கை நீளுமானால் என்விடியா. சிறிதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் அதன் டிஎல்எஸ்எஸ் வேலை செய்யும் ஆட்டங்களின் பட்டியலும் அதற்கே நீளம். வெறும் ஆட்டம்தான் என்றால் ஏஎம்டி. அதே வேலையைச் செய்யும் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 4 வந்த பிறகு, படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் தரத்தில் முன்பிருந்த பள்ளம் பெருமளவு தூர்ந்துவிட்டது. ஆனால் 9000 வரிசைக் கார்டுகளுக்காகவே அதை வெளியிட்டார்கள் என்பதால், மலிவாகக் கிடைக்கிறதே என்று முந்தைய தலைமுறையை எடுப்பவர்கள் ஒருமுறை யோசிக்கவும்.

எந்த சாக்கெட்?

சாக்கெட் என்பது மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் இடம். என் கேள்வி மிக அதிகமாகப் பயன்படுவது இங்கேதான். 2017-ல் ஏஎம்டியின் முதல் தலைமுறை ரைசன் பிராசஸரோடு ஏஎம்4 சாக்கெட் போர்டு வாங்கிய ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருஷம் கழித்து, 2022-ல் ரைசன் 7 5800எக்ஸ்3டி வந்தது. 96 எம்பி எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி) உள்ள சிப். ஆட்டங்களுக்கென்றே செய்தது போல. போர்டுக்கு பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் கிடைத்திருந்தால், பழைய சிப்பைக் கழற்றி இதை வைத்து மூடினால் வேலை முடிந்தது. போர்டும் ராமும் அப்படியே.

இன்டெல் பக்கம் எல்ஜிஏ 1700 சாக்கெட் 2021-ல் வந்தது. 12, 13, 14 என்று மூன்று தலைமுறை கண்டது. 2024 அக்டோபரில் கோர் அல்ட்ரா 200 வரிசை வேறு சாக்கெட்டோடு வந்தது. இன்டெல் மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆட்டத்தோடு வீடியோ ரெண்டரிங்கும் செய்பவருக்கு அதன் கோர் எண்ணிக்கை நன்றாகவே கைகொடுக்கும். ஆனால் 13, 14-ஆம் தலைமுறை சிப்பை செகண்ட் ஹேண்டில் வாங்குவதாக இருந்தால் மட்டும் ஜாக்கிரதை. அளவுக்கு மீறிய வோல்டேஜால் அவற்றில் பல நிலையில்லாமல் போயின. 2024 ஆகஸ்டில் மைக்ரோகோட் (சிப்பின் உள் மென்பொருள்) திருத்தம் வந்தது, வாரண்டியையும் இன்டெல் இரண்டு வருஷம் நீட்டித்தது. ஏற்கெனவே பழுதான சிப்பை எந்தத் திருத்தமும் சரி செய்யாது.

புதிதாக வாங்குபவருக்கு ஏஎம்5. 2022-ல் வந்த இந்த சாக்கெட்டுக்கு 2027 வரையும் அதற்குப் பிறகும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்று ஒரு ஆறு கோர் ரைசன் 5 போட்டு, பிற்பாடு கூடுதல் கேஷ் உள்ள எக்ஸ்3டி சிப் ஒன்றுக்குத் தாவலாம். சிக்கல் என்னவென்றால் இதற்கு டிடிஆர்5 ராம் மட்டும்தான் பொருந்தும், 2025 கடைசியில் அதன் விலை தாறுமாறாக ஏறியது. வீட்டில் நல்ல டிடிஆர்4 ராம் சும்மா கிடக்கிறது, கார்டுக்கே பணம் இழுபறி என்றால் ஏஎம்4 இன்னமும் வெட்கப்பட வேண்டிய தேர்வு அல்ல. அது முட்டுச்சந்து என்று தெரிந்தே நுழையுங்கள், அவ்வளவுதான். ஒரு எச்சரிக்கையும் உண்டு: ஏஎம்4-ல் பின்கள் சிப்பில் இருக்கும். கூலரைச் செங்குத்தாக இழுத்தால் தெர்மல் பேஸ்ட் ஒட்டிக்கொண்டு சிப்பும் சேர்ந்து வந்துவிடும். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சூடு ஏறியதும் மெஷினை அணைத்து, லேசாகத் திருகியபடி எடுக்க வேண்டும்.

காற்றா, தண்ணீரா என்ற கூலர் விவாதத்தை ஒரே வரியில் முடிக்கலாம்: ரைசன் 5, 7-க்கு ஒரு நல்ல டவர் கூலர் போதும், விசிறி போனால் விசிறியை மட்டும் மாற்றலாம், பம்ப் போனால் முழு செட்டும் போச்சு. அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை மட்டும் மறக்காமல் உரித்துவிடுங்கள்.

பவர் சப்ளையில் மிச்சம் பிடிப்பது யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிற கதை. மேலே சொன்ன கார்டுகளுக்கு 650 வாட் தாராளம். 750 எடுத்தால் அடுத்த கார்டுக்கும் அதுவே உழைக்கும். 80 பிளஸ் கோல்டு முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் போகிறது என்பதைத்தான் சொல்கிறது, உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட்டைப் பற்றி அல்ல. மாடுலர் வகையில் கேபிளைக் கழற்றி மாட்டலாம் என்பது வசதி. ஆனால் ஒரு பவர் சப்ளையின் கேபிளை இன்னொன்றில் மாட்டாதீர்கள். பிளக் பொருந்தும், உள்ளே வயரிங் வேறாக இருக்கும். நண்பன் ஒருவனுடைய ஹார்டு டிஸ்க் இப்படித்தான் ஒரு நொடியில் போனது.

எஸ்எஸ்டி: என்விஎம்இ (பழைய சாட்டா வகையைவிட வேகமானது), 1 டிபி. தலைமுறை 4-ஆ 5-ஆ என்று ஆராய்வதில் நேரம் போகும், ஆட்டம் ஏறும் வேகத்தில் பெரிய மாற்றம் தெரியாது. கேபினட்: முன்பக்கம் கண்ணாடியா வலையா என்றால் வலை.

ஆபரேட்டிங் சிஸ்டத்தில் உண்மையான போட்டி விண்டோஸ் 11-க்கும் லினக்ஸுக்கும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. வால்வ் உருவாக்கிய புரோட்டான் (விண்டோஸ் ஆட்டங்களை லினக்ஸில் ஓட்டும் மென்பொருள்) வழியாக, அவர்களுடைய ஸ்டீம் கடையில் உள்ள ஆட்டங்களில் பெரும்பாலானவை லினக்ஸில் ஓடிவிடுகின்றன; தனியாளாக ஆடுபவருக்கு அது தாராளம். வேலரன்ட், ஃபோர்ட்நைட் ஆடுபவர்களுக்கு வாசல் அடைப்பு, அவற்றின் ஆன்டி சீட் ஏற்பாடு (ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் மென்பொருள்) லினக்ஸில் ஓட விடாது. இது தப்பினாலும் ஒரு சாயங்காலத்தில் மாற்றிவிடலாம் என்பதால் நான் யாரோடும் வாதாடுவதில்லை.

எல்லாம் மாட்டி முடித்த பின் மூன்று விஷயம் பாருங்கள். மானிட்டர் கேபிள் மதர்போர்டில் அல்ல, கார்டில் இருக்கிறதா? இரண்டு ராம் குச்சிகளும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடத்தில் இருக்கின்றனவா? பயாஸில் எக்ஸ்போ (ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் செட்டிங்) ஆன் ஆகியிருக்கிறதா? இல்லையென்றால் 6000-க்குப் பணம் கொடுத்த ராம் 4800-ல் ஓடிக்கொண்டிருக்கலாம்.

ஏஎம்5-ல் முதல் தடவை சுவிட்சைப் போட்டதும் விசிறி சுற்றும், திரை கருப்பாகவே இருக்கும். போர்டு ராமைப் பழக்கப்படுத்திக்கொள்கிறது, அதற்குச் சில நிமிஷம் பிடிக்கும். இது தெரியாமல் நான் மூன்று முறை அணைத்து அணைத்துப் போட்டேன், ராமைக் கழற்றித் துடைத்தேன், கடைசியில் நண்பனுக்குப் போன் போட்டேன். "டேய், அதைத் தொடாம பத்து நிமிஷம் வெளிய போயிட்டு வாடா" என்றான். திரும்பி வந்தபோது பயாஸ் திரை எரிந்துகொண்டிருந்தது.