அறை நல்ல அறைதான், கதவுதான் உயிரை வாங்குகிறது

நண்பர் ஒருவர் புது வீட்டுக்குக் குடிபோகிறார். மாடியில் ஒரு சின்ன அறை, கீழே கார் நிறுத்தும் அறை. மாதிரி ரயில் லேஅவுட்டை எதில் போடலாம் என்று கேட்டிருந்தார். வேறொரு நாளாக இருந்தால் நிதானமாகப் பதில் சொல்லியிருப்பேன். அவர் கேட்ட நேரம் பார்த்து, நான் என் ரயில் அறையின் கதவோரப் பாலத்தைக் கழற்றி மேசைமேல் போட்டு, வளைந்துபோன தண்டவாள முனைகளைச் சாலிடரிங் அயர்னால் சூடாக்கிப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஆகவே இந்தப் பதிவிலும் கொஞ்சம் சூடு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். என்னுடையது 10-க்கு 12 அடி அறை, எச்ஓ ஸ்கேல், அதாவது நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு அளவு. சுவரைச் சுற்றி ஒன்றரை அடி அகலத்தில் தட்டு, தரையிலிருந்து 50 அங்குல உயரம், மூலைகளில் வளைவின் ஆரம் 24 அங்குலம். பலரும் செய்வதுபோல 4-க்கு 8 அடி ப்ளைவுட்டை நடுவில் போட்டிருந்தால், சுற்றிலும் இரண்டடி நடைவழி விட்டதுமே அறை முடிந்துவிடும். வளைவும் 22 அங்குலத்தைத் தாண்டாது, ஒரு சுற்று 20 அடிகூட வராது. சுவரோரமாகப் போட்டதில் அதே அறையில் 35 அடிச் சுற்று கிடைத்திருக்கிறது. நிஜ ரயில் கணக்கில் அது ஒரு கிலோமீட்டர்கூட இல்லை என்பது வேறு விஷயம். நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் வண்டி கண் மட்டத்தில் வருகிறது. எந்த இடத்தில் தடம் புரண்டாலும் எட்டாத தூரம் என்று ஒன்றில்லை.

அடுத்து, அறைக்கு மேலேயும் கீழேயும் வேறு அறைகள் இருக்கின்றன. வெயில் நேராக இறங்கும் கூரை தலைக்கு மேல் இல்லை. இதன் அருமை கூரைக்கு அடியில் லேஅவுட் போட்டவர்களுக்குத்தான் தெரியும். நிக்கல் சில்வர் என்ற உலோகக் கலவைத் தண்டவாளம் 35 அடி நீளத்துக்கு, வெப்பம் 20 டிகிரி ஏறினால் மொத்தத்தில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீளும். இடைவெளி விடாமல் சாலிடர் வைத்து முழுச் சுற்றையும் இணைத்திருந்தால் ஒரு நல்ல வெயில் நாளில் எங்காவது பாம்பாக நெளிந்து நிற்கும். தண்டவாளம்கூடப் பரவாயில்லை, ஈரப்பதத்தில் தட்டின் மரம் உப்பிச் சுருங்கிச் செய்கிற சேட்டைதான் அதைவிடப் பெரிது. என் அறையில் இந்த இரண்டு தொல்லையும் கிட்டத்தட்ட இல்லை. ஜன்னல் வடக்கே பார்க்கிறது, அதனால் மலைக்குப் பூசிய பச்சையும் இன்னும் வெளுக்கவில்லை.

நான் எதிர்பாராத சுகம் ஒன்றும் உண்டு. அறை வீட்டின் நடுவில் இருப்பதால் பத்து நிமிடம் கிடைத்தாலே உள்ளே போய் ஒரு சரக்கு வண்டியைப் பிரித்துச் சேர்த்துவிட்டு வரலாம். தோட்டத்துக் கொட்டகையிலோ மொட்டை மாடியிலோ இருந்திருந்தால் அந்தப் பத்து நிமிடத்துக்கு யார் எழுந்து போவார்கள்? லேஅவுட்டுகள் பாதியில் நின்றுபோவதற்கு இடக்குறைவைவிட இந்தத் தூரம்தான் பெரிய காரணம் என்பது என் கட்சி.

சரி, கதவுக்கு வருவோம்.

கதவு உள்பக்கமாகத் திறக்கிறது. சுவரைச் சுற்றி ரயில் ஓடவேண்டும் என்றால் அது கதவுக்கு முன்னால் போயே ஆகவேண்டும். அங்கே 32 அங்குலத்தில் ஒரு தூக்குப் பாலம். பாலம் இறங்கியிருந்தால் கதவைத் திறக்க முடியாது. கதவு திறந்திருந்தால் பாலத்தை இறக்க முடியாது. இரண்டுக்கும் ஒரே இடம்தான், இரண்டும் அதற்குச் சண்டை போடுகின்றன. வெளியே போக வேண்டுமா, வண்டியை நிறுத்து, பாலத்தைத் தூக்கு, கொக்கி போடு, கதவைத் திற. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தால் அதையே தலைகீழாகச் செய்.

கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டலாமே என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். வெளியே மாடிப்படியின் கடைசிப் படி இருக்கிறது. ஏறி வருகிறவர் முகத்தில் கதவு அடிக்கும், அவர் பின்னால் விழுவார். நகர்த்தும் கதவு வைக்கலாம், ஆனால் அது ஒதுங்க வேண்டிய சுவரில்தான் மொத்த ஸ்விட்ச்போர்டும் இருக்கிறது. கதவே வேண்டாம் என்று கொஞ்ச காலம் கழற்றியும் வைத்தேன். தூசி வந்தது, தூசிக்குப் பின்னால் பூனை வந்தது. பெட்டிகளை வரிசையாக நிறுத்தி வைக்கிற யார்டு பூனைக்கு மிகவும் பிடித்திருந்தது. கதவு திரும்பவும் வந்துவிட்டது.

பாலத்தைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, அது நன்றாகவே வேலை செய்கிறது. கீலின் அச்சு தண்டவாள மட்டத்துக்கு மேலே இருக்கும்படி மாட்டியிருக்கிறேன். கீழே மாட்டினால் தூக்கும்போது தண்டவாள முனைகள் ஒன்றையொன்று முட்டும். முனைகளைச் செப்புப் பூச்சுள்ள சர்க்யூட் போர்டுத் துண்டில் சாலிடர் வைத்திருக்கிறேன், அவை அசையக்கூடாது. எச்ஓ சக்கரத்தின் விளிம்பு 0.6 மில்லிமீட்டர்தான். முனைகள் அரை மில்லிமீட்டர் மேலே கீழே போனாலே வண்டி யோசிக்க ஆரம்பித்துவிடும். பாலம் தூக்கியிருந்தால் இரண்டு பக்கமும் மின்சாரம் நிற்கும்படி ஒரு மைக்ரோ ஸ்விட்சும் உண்டு. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: மின்சாரம் நிற்கிற பகுதி உங்களுடைய மிக நீளமான வண்டி அளவுக்காவது இருக்கவேண்டும். எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தால், அது அந்தப் பகுதிக்குள் நுழைவதற்கு முன்பே முதல் பெட்டி தரையில் கிடக்கும். டிசிசி எஞ்சினில், அதாவது தண்டவாளம் வழியாக டிஜிட்டல் கட்டளை வாங்கி ஓடுகிற எஞ்சினில், மின்சாரத்தைக் கொஞ்சம் சேமித்து வைக்கும் கீப்-அலைவ் கண்டென்சர் போட்டிருக்கிறீர்களா? அப்படியென்றால் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள், மின்சாரம் போன பிறகும் அது சிறிது தூரம் ஜம்மென்று ஓடும்.

இத்தனை பாதுகாப்பும் வண்டி பாலத்திலிருந்து விழாமல் இருக்கத்தான். வெளியிலிருந்து கதவைத் தள்ளுகிற மனிதருக்கு எதிராக எதுவும் இல்லை. உள்ளே தாழ்ப்பாள் போட வீட்டில் அனுமதி கிடையாது. நான் மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு என்னிடம் பதிலும் கிடையாது. வெளியே சிவப்பு விளக்கு மாட்டினேன். விளக்கு எரிவதைப் பார்த்து, ஏன் எரிகிறது என்று கேட்பதற்காகக் கதவைத் திறந்தார்கள். கடைசியாகப் பாலம் உடைந்ததும் அப்படித்தான். எனக்குப் போன் வந்திருக்கிறது என்று சொல்ல ஒருவர் அன்போடு கதவைத் தள்ளினார். யார் என்று எழுதப்போவதில்லை, அவரும் இதைப் படிப்பார். பாலத்தை நேராக உட்காரவைக்கிற முளைகள் பிளந்துபோயின, தண்டவாளம் கீல் பக்கம் வளைந்தது, ஒரு டேங்கர் பெட்டியின் கப்ளர் (பெட்டிகளைக் கோக்கும் கொக்கி) இன்னும் கிடைக்கவில்லை. அறை வீட்டின் நடுவில் இருப்பது பெரிய வசதி என்று மேலே எழுதினேன் அல்லவா, வீட்டில் எல்லோருக்கும் அதே வசதிதான்.

சுற்றை வெட்டிவிட்டு ப வடிவில் விட்டால் பாலமே வேண்டாம் என்பது எனக்கும் தெரியும். இரண்டு முனையிலும் ஒரு ஸ்டேஷன், நடுவில் பெட்டிகளைப் பிரித்து மாற்றிச் சேர்க்கும் ஷண்டிங், ரசனையுள்ளவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். எனக்கோ வண்டி தன்பாட்டுக்குச் சுற்றிச் சுற்றி வருவதைக் கை கட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதில்தான் பாதி சந்தோஷம். அதை ஒரு கதவுக்காக விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆக நண்பருக்கு என் பதில்: கார் நிறுத்தும் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். தூசி வரும், கோடையில் வேகும், குளிரில் விரல் மரத்துப்போகும், என் அறையில் நான் புகழ்ந்த ஒன்றுகூட அங்கே இருக்காது. ஆனால் ஷட்டர் மேலே சுருண்டு போகிறது, உள்பக்கம் வந்து எதையும் இடிக்காது. ஷட்டரின் அடியில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள், சுவருக்கும் கூரைக்கும் வெப்பத் தடுப்புப் பலகை அடியுங்கள், தண்டவாள இணைப்புகளில் அங்கங்கே இடைவெளி விடுங்கள். என் அறைக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். போன வாரம் கேட்டிருந்தால் நாலரை கொடுத்திருப்பேன். பாலத்தில் பசை காய்ந்து வண்டி ஒரு சுற்று வந்த பிறகு கேட்டாலும் அநேகமாக அதையே கொடுப்பேன், ஆனால் நீங்கள் இன்றைக்குத்தானே கேட்டீர்கள்.