முப்பரிமாண நுண்ணோக்கிப் படத்தைத் தாளில் எப்படிப் போடுவது?

கான்ஃபோக்கல் நுண்ணோக்கியில் ஒரு செல்லைப் படமெடுத்தால் கைக்கு வருவது ஒரு படமல்ல, ஆழம் ஆழமாக எடுத்த ஒரு முழு அடுக்கு. திரையில் அதைச் சுழற்றிப் பார்க்கலாம். ஆய்விதழிலோ ஆய்வேட்டிலோ கிடைப்பது தட்டையான ஒரு கட்டம்தான்.

எல்லாரும் முதலில் போவது மேக்ஸிமம் இன்டென்சிட்டி ப்ரொஜெக்‌ஷனுக்கு. அடுக்கு முழுவதிலும் ஒவ்வொரு புள்ளியிலும் எது அதிகப் பிரகாசமோ, அதை மட்டும் எடுத்து ஒரே படமாக்கும் முறை இது. நரம்பணுவின் கிளைகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று காட்ட இதையே போடலாம். ஆனால் எது மேலே, எது கீழே என்பது போய்விடும். மேலே ஒரு புரதத்தைக் காட்டும் பச்சைப் புள்ளி, 5 மைக்ரோமீட்டர் கீழே இன்னொரு புரதத்தைக் காட்டும் மெஜந்தா புள்ளி இருந்தால், ப்ரொஜெக்‌ஷனில் இரண்டும் கலந்து வெள்ளையாகும். பார்ப்பவர் இரண்டு புரதமும் ஒரே இடத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்வார். அந்த வாதத்துக்கு இந்தப் படத்தைச் சான்றாக வைக்கவே கூடாது.

அங்கே வேண்டியது ஆர்த்தோகனல் வியூ: நடுவில் ஒரு தளம், பக்கத்திலும் அடியிலும் செங்குத்து வெட்டுகள். அந்த இரண்டு புள்ளிகளும் தனித்தனியாகத் தெரிந்துவிடும். ஆழத்தில் துல்லியம் குறைவு என்பதால் உருண்டைப் புள்ளிகூட நீண்டு தெரியும். அதைப் படக்குறிப்பில் சொல்லிவிடுங்கள். வெட்டிய இடத்தைக் கோடு போட்டுக் காட்டுவதும் முக்கியம்.

ஆழத்துக்கு ஒரு நிறம் கொடுப்பதும் நல்ல வழிதான், ஒரே சாயம் இருக்கும்வரை. கறுப்பு வெள்ளையில் அச்சடித்தால் அதன் பயன் போச்சு.

நிஜமான ஆழம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் ஸ்டீரியோ ஜோடி: சற்றே வேறு கோணங்களில் எடுத்து, கண்ணுக்கு ஒன்றாக அருகருகே வைக்கும் இரண்டு படங்கள். இங்கிலாந்து விஞ்ஞானி சார்லஸ் வீட்ஸ்டன் 1838-இல் விளக்கிய அதே தத்துவம். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மாதிரியைச் சில டிகிரி சாய்த்து இரண்டாவது படம் எடுத்தால் போதும், மகரந்தத்தின் முட்கள் தாளை விட்டு எழுந்து நிற்கும். கருவியில்லாமல் நேராகப் பார்ப்பவருக்கு, இரண்டு படங்களின் மையங்களுக்கு இடையே சுமார் 6 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பக்கம் வடிவமைப்பவர் இடத்தை நிரப்பப் பெரிதாக்கினால் கண் சேராது; அளவைக் குறிப்பிட்டே அனுப்ப வேண்டும். சிவப்பு-சயான் கண்ணாடி அணிந்து பார்க்கும் படத்தை நான் தாளுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். நிறம் முழுவதும் ஆழத்துக்கே செலவாகிவிடும், அச்சு மை கண்ணாடியோடு சரியாகப் பொருந்தாமல் நிழலுருவமும் விழும்.

என் தேர்வு: இடப்பக்கம் ப்ரொஜெக்‌ஷன், வலப்பக்கம் ஆர்த்தோகனல் வியூ, இரண்டுக்கும் ஒரே அளவுகோல். இடம் மிச்சமிருந்தால், கீழே ஒரு ஸ்டீரியோ ஜோடி.