அவுஸ்திரேலியா விசா ரத்தாகி "அப்பீல் போட்டாச்சு" என்று ஏஜென்சி சொன்னால் உடனே ஆதாரம் கேளுங்கள்

மட்டக்களப்பிலிருந்து ஸ்பொன்சர் விசாவில் அவுஸ்திரேலியா போனவர்களின் வீட்டுக்காரர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள்.

என் தங்கச்சியின் கணவர் 482 என்கிற ஸ்பொன்சர் வேலை விசாவில் மெல்பேர்னில் சமையல் வேலை செய்தவர். முதலாளி கடையை மூடிவிட்டார். அந்த விசாவில் வேலை போனால் அடுத்த ஸ்பொன்சர் பிடிக்க ஒரு தடவைக்கு 180 நாள் வரை கிடைக்கும், 2024 ஜூலைக்கு முதல் வெறும் 60 நாள்தான். "ஒன்றுக்கும் யோசிக்காதீங்க தம்பி, புது ஸ்பொன்சர் என் பொறுப்பு" என்று சொல்லிச் சொல்லியே டவுனில் இருக்கிற ஏஜென்சிக்காரர் அந்த நாட்களை முடித்துவிட்டார்.

விசா போடும்போது ஒன்லைன் கணக்கில் அவர் தன்னுடைய ஈமெயிலைத்தான் கொடுத்திருக்கிறார். ரத்துச் செய்ய முதல் உங்கள் பக்க நியாயத்தைக் கேட்டு, விசா கொடுக்கிற அவுஸ்திரேலிய உள்துறைத் திணைக்களம் ஒரு கடிதம் அனுப்பும். அது அவருக்குப் போனது, மச்சானிடம் அவர் மூச்சுவிடவில்லை. ரத்தான பிறகுதான் போன் எடுத்து, அப்பீலுக்கு ஆறு லட்சம் வேண்டும் என்றார். தங்கச்சி தாலிக்கொடியை அடகு வைத்துக் கொடுத்தாள்.

அப்புறம் அப்பீல் போட்டாச்சென்று ஒரு தாள் காட்டினார். மேலே ஏஜென்சியின் பெயர், கீழே சீல், நடுவில் தயவுசெய்து விசாவைத் திருப்பித் தாருங்கள் என்று ஆங்கிலத்தில் அரைப் பக்கம். வழக்கு இலக்கம் இல்லை, பணம் கட்டிய ரசீதும் இல்லை. திணைக்களத்துக்குக் கெஞ்சி எழுதின கடிதத்தைத்தான் அப்பீல் என்று எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்.

உண்மையான அப்பீல் போவது நிர்வாக மீளாய்வுத் தீர்ப்பாயத்துக்கு, 2024 ஒக்டோபர் 14இல் பழைய தீர்ப்பாயத்துக்குப் பதிலாக வந்தது அது. கட்டணமே மூவாயிரம் டொலருக்கு மேல். ரத்துச் செய்த அறிவித்தல் கிடைத்து 28 நாளுக்குள் போட வேண்டும், குடிவரவுத் தடுப்புக்காவலில் இருந்தால் 7 நாள்தான். ஈமெயிலில் அனுப்பினால் அனுப்பிய அன்றே கிடைத்ததாகத்தான் கணக்கு, நீங்கள் திறந்து பார்த்தீர்களா என்று யாரும் கேட்கப்போவதில்லை. நாள் தவறினால் தீர்ப்பாயமே நினைத்தாலும் நீடிக்க முடியாது. மச்சான் அங்கே ஒரு சட்டத்தரணியிடம் அந்தத் தாளைக் காட்டும்போது எல்லாம் முடிந்திருந்தது. இப்போது வீட்டில் இருக்கிறார், கடனும் இருக்கிறது.

அங்கே விசா ஆலோசனை சொல்ல, ஒன்றில் சட்டத்தரணியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஏழு இலக்கப் பதிவெண் உள்ள முகவராக இருக்க வேண்டும். எண்ணைக் கொடுத்தால் இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். எங்கள் ஏஜென்சிக்காரரிடம் அந்த எண்ணைக் கேட்டதற்கு "இலங்கையில அது தேவையில்லை" என்றார், இப்போது போனே எடுப்பதில்லை.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், அவர்களின் இலக்கம் 1989. இப்படி ஏஜென்சியின் ஈமெயிலில் விசா போட்டவர்கள் இன்றைக்கே கணக்கின் பாஸ்வேர்டை வாங்கி, தொடர்பு ஈமெயிலை உங்களுடையதாக மாற்றுங்கள். தர மறுத்தால் நீங்களே திணைக்களத்துக்கு நேரே எழுதி மாற்றச் சொல்லுங்கள்.