கோயில் நிர்வாகம்: அரசிடமா, ஊரிடமா?

1956 நவம்பர் 1-இல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தமிழகத்துக்கு வந்த குமரிப் பகுதிக் கோயில்களுக்கு, அரசியலமைப்பின் 290அ பிரிவுப்படி தமிழக அரசு ஆண்டுக்கு 13.5 லட்சம் ரூபாய் கொடுத்தாக வேண்டும். சட்டத்தில் எழுதிய தொகை விலைவாசியோடு தானாக ஏறாது. அரசு நிர்வாகத்தில் தணிக்கை உண்டு. ஆனால் கூரையில் ஒரு ஓடு மாற்றவும் கோப்பு நகர வேண்டும்.

ஊர் நடத்தினால் வேலை சட்டென்று முடியும். சாவி நாலு குடும்பத்தோடு நின்றுபோனால் தட்டிக்கேட்க ஆளிருக்காது.

கடவுள் உண்டா என்ற கேள்வி இதைத் தீர்க்காது. ‘உண்டு’ என்பவரே “அவருக்கு அதிகாரி எதற்கு?” என்று கேட்கலாம்; இன்னொரு பக்தர் கோயில் நிலத்தைக் காக்க அரசைக் கூப்பிடலாம்.

அரசியலமைப்பின் 25(2)(அ) பிரிவு மதம் சார்ந்த பணப் புழக்கத்தை அரசு ஒழுங்குபடுத்த இடம் தருகிறது. தணிக்கை மட்டும் அரசிடம், மற்றதெல்லாம் ஊரிடம் என்பதே என் நிலைப்பாடு.