6.5 அடி தூண்டில் ராட், 2500 அளவு ரீல்: செட்டாக வாங்கலாமா?

மீன் பிடிக்க ராட் (தூண்டில் கம்பு), ரீல் (நரம்பு சுற்றும் கருவி), நரம்பு மூன்றும் ஒன்றாக வரும் மலிவு செட்டுகளில் ராட் பெரும்பாலும் தேறும், ரீல் பரவாயில்லை, நரம்பு மட்டும் வேண்டாம்.

மீடியம் பவர் (நடுத்தர விறைப்பு) ராட், குளக்கரைக்கும் சிறு படகுக்கும் ஒத்துவரும். வாங்கும்போதே காது குடையும் பஞ்சுக் குச்சியை ராடில் நரம்பு ஓடும் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுற்றிப் பாருங்கள். பஞ்சு இழை சிக்கினால் வளையத்தின் உள்பக்க செராமிக்கில் விரிசல் இருக்கிறது. நரம்பை அது அறுத்துவிடும்.

ரீல் பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் பேரிங் கணக்கில் மயங்க வேண்டாம். டிராக் (மீன் பலமாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிரேக்) சீராக விடுகிறதா என்பதுதான் விஷயம். 4.5 கிலோ இழுவை தாங்கும் நரம்பென்றால், நரம்பின் முனையில் கொக்கித் தராசை மாட்டி இழுத்து, 1.1 முதல் 1.3 கிலோவில் டிராக் விடும்படி திருகுங்கள். திக்கித் திக்கி விட்டால் வேறு ரீல் கேளுங்கள்.

கூட வரும் நரம்பு சுருண்டே கிடக்கும். அதைக் கழற்றிவிட்டு 0.28 மி.மீ. மோனோ (ஒற்றை இழை நரம்பு) சுற்றலாம். ஸ்பூல் (ரீலில் நரம்பு சுற்றும் உருளை) விளிம்புக்கு 2 மி.மீ. கீழேயே நிறுத்துங்கள். வழிய வழியச் சுற்றினால் வீசும்போது கொத்தாகக் கழன்று சிக்கும். குறைந்தால் விளிம்பில் உரசி தூரம் போகாது. பிரெய்டு (பின்னல் நரம்பு) போடுவதானால் அடியில் பத்துச் சுற்று மோனோ அவசியம். இல்லாவிட்டால் மொத்த நரம்பும் ஸ்பூலில் வழுக்கும், பழி டிராக் மேல் விழும்.

வீசியதும் பெயிலை (ரீலில் திறந்து மூடும் கம்பி வளைவு) கையால் மூடுங்கள். கைப்பிடியைச் சுற்றி மூடினால் தளர்ந்த நரம்பு ஸ்பூலில் ஏறி முறுக்கிக்கொள்ளும். இலவசத் தூண்டில் முள் பெட்டி? கூர் மழுங்கல், விட்டுவிடுங்கள். வீடு திரும்பியதும் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள், வாஷர் அமுங்காது.