சுகர் நரம்பு வலிக்கு மாத்திரை: சில வருட அனுபவம்

சர்க்கரையால் வந்த கால் எரிச்சலுக்கு மாத்திரை போட ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகின்றன. போட்டதும் வலி ஒரேயடியாகப் போய்விடும் என்று நினைப்பவர்கள் பாதியிலேயே விட்டுவிடுவார்கள். ஆய்வுகளிலேயே வலி பாதியாகக் குறைந்தால் அது நல்ல பலன் என்றுதான் கணக்கு. கெட்டுப்போன நரம்பை இந்த மாத்திரைகள் சரிசெய்வதில்லை, வலியை மட்டும் தணிக்கின்றன. என் அளவுகோல் ஒன்றுதான்: இரவில் போர்வை நுனி கால்விரலில் உரசினால் விழிப்பு வருகிறதா, இல்லையா.

முதலில் ப்ரீகாபலின் 75 மி.கி., இரவில் மட்டும். சீக்கிரமே தூக்கம் ஒழுங்குக்கு வந்தது. சுருக் சுருக்கென்ற குத்தல் நின்றது, எரிச்சல் மட்டுப்பட்டது. காலையில் எழுந்தால் மட்டும் ஆளைத் தள்ளும், சுவரைப் பிடித்துத்தான் நடப்பேன். அது பழகிவிட்டது. காலையிலும் ஒரு 75 சேர்த்த பிறகு வந்த வீக்கம்தான் பழகவில்லை. மாலையில் சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலைச் சுற்றி எலாஸ்டிக் பதிந்த பள்ளம் வெகுநேரம் அப்படியே இருக்கும். எடையும் ஏறியது, சுகர்காரருக்கு அது தனித் தலைவலி. சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து என்பதால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்தார்கள். அது சரியாகத்தான் இருந்தது, வீக்கம்தான் வடியவில்லை.

ப்ரீகாபலினைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டு டுலாக்செட்டின் கொடுத்தார்கள். மனச்சோர்வு மாத்திரை ஆயிற்றே என்று வீட்டில் ஒரே கேள்வி. சுகர் நரம்பு வலிக்கென்றே 2004-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து அது. 30 மி.கி.யில் தொடங்கி 60. ஆரம்பத்தில் குமட்டல் படுத்தியது, சாப்பிட்டுவிட்டுப் போட்டால் தேவலை. பலன் தெரியவும் கொஞ்சம் பொறுக்க வேண்டியிருந்தது. ஆனால் பகலில் தலை தெளிவாக இருக்கிறது, கால் வீங்குவதில்லை. வியர்வை கூடியிருக்கிறது, போகட்டும். மாத்திரை தவறினால் மட்டும் கிறுகிறுவென்று வரும். கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு இது ஆகாது.

இதே வலிக்குத் தரும் இன்னொன்று அமிட்ரிப்டிலின், பழைய மருந்து. வாய் வறளும், மலச்சிக்கல் வரும். இதயத் துடிப்புக் கோளாறோ புராஸ்டேட் வீக்கமோ இருந்தால் யோசித்துத்தான் தருவார்கள். இந்த மூன்றையும் ஒப்பிட்ட பிரிட்டிஷ் ஆய்வு 2022-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. எதில் தொடங்கினாலும் வலி ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது. ஒன்று போதாதவர்களுக்கு இரண்டாவதைச் சேர்த்தபோது கூடுதல் பலன் கிடைத்தது. அதனால் எந்தப் பக்கவிளைவை நம் உடம்பு தாங்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரி என்பது என் கட்சி.

மரத்துப்போன இடத்தில் மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை, எந்த மாத்திரையும் அதைத் தொடவில்லை. படுக்கும் முன் கண்ணாடி வைத்து உள்ளங்காலில் புண் இருக்கிறதா என்று பார்ப்பதும் சிகிச்சையில் சேர்ந்ததுதான். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை வைட்டமின் பி12-ஐக் குறைக்கக்கூடும், அதைப் பல வருடமாகப் போடுபவர்கள் பி12 அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பி12 குறைந்தாலும் இதே எரிச்சலும் மதமதப்பும் வரும். அப்படியானால் முதலில் பி12-ஐ ஏற்ற வேண்டும், வலி மாத்திரையின் டோஸை அல்ல.