டிபிஏ3116 போர்ட்: 5.1 அம்ப் கட்டுகிறவர்கள் வாங்கலாமா?

டிபிஏ3116டி2 என்ற அம்ப் ஐசி (சிப்) போட்ட ஸ்டீரியோ போர்ட் மூன்றை புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கி, ஒரே பெட்டிக்குள் 5.1க்கான ஆறு சேனல் கிளாஸ்-டி அம்ப் (வேகமாக ஆன்-ஆஃப் பண்ணிச் சத்தத்தைப் பெருக்கும் வகை) கட்டிப் பாவிக்கிறேன். வெறும் ஸ்டீரியோ போதும் என்றால் யோசிக்காமல் வாங்கலாம். 5.1 என்றால் கொஞ்சம் பொறுங்கள்.

சத்தம் உண்மையிலேயே அருமை, மிருதங்கத்தில் தொப்பியின் கும்கி கூடத் தெளிவாக விழுகிறது. செயற்திறன் 90 சதவீதத்தைத் தொடுவதால் கொழும்புப் புழுக்கத்திலும் ஃபேன் தேவைப்படவில்லை. இந்த ஐசிக்குச் சொல்லும் 50+50 வாட் என்பது 4 ஓம் ஸ்பீக்கருக்கு, அதுவும் சத்தம் சிதையும் எல்லையில். 8 ஓமுக்கு 24 வோல்ட்டில் 30 வாட் என்று வையுங்கள், ஹாலுக்கு அதுவே தாராளம்.

பிரச்சினை மூன்றையும் ஒன்றாக ஓடவிடும்போதுதான். தனித்தனியே போட்டால் ஒரு போர்டிலும் இரைச்சல் இல்லை, ஒரே சப்ளையில் சேர்த்தால் மெல்லிய விசில் கேட்கும். ஒவ்வொரு ஐசியும் 400 கிலோஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல் தன்பாட்டில் ஸ்விட்ச் பண்ணுகிறது, அவற்றுக்கிடையில் இரண்டு மூன்று கிலோஹெர்ட்ஸ் வித்தியாசம் வந்தால் அது அப்படியே நம் காதுக்கு எட்டும் சுருதியாகிவிடுகிறது. இதற்கென்றே ஐசியில் சிங்க் (ஒத்திசைவு) பின் இருக்கிறது: ஒன்றைத் தாளம் கொடுக்கும் மாஸ்டராக வைத்து மற்றவற்றை அதைப் பின்பற்றும் ஸ்லேவ் ஆக்கினால் எல்லாம் ஒரே தாளத்தில் ஓடும். ஆனால் இந்த போர்ட்கள் மூன்றும் மாஸ்டராகவே வருகின்றன, சிங்க் பின்னை வெளியே எடுக்கவும் இல்லை. அதனால் இரண்டு போர்டில் ஐசியை மாஸ்டராக வைக்கும் 20கே, 100கே ரெசிஸ்டர்களைக் கழற்றி, ஸ்லேவ் ஆக்க 75கே, 47கே போட்டு (26 டிபி கெயினுக்கு, அதாவது சத்தப் பெருக்கத்துக்கு), 0.65 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள சிங்க் பின்னில் மெல்லிய வயர் சோல்டர் பண்ண வேண்டியிருந்தது. அப்புறம் விசில் அடியோடு போய்விட்டது. சின்ன சோல்டரிங்கில் கை பழகாதவர்கள் தனித்தனி போர்ட் வாங்க வேண்டாம், ஐசிகளை ஏற்கெனவே சிங்க் பண்ணிய ஒரே போர்டாகக் கேட்டு வாங்குங்கள்.

கடையில் ஒவ்வொன்றையும் கவுண்டரிலேயே சப்ளை கொடுத்து ஓடவிட்டுக் காட்டினார்கள், அது நல்ல பழக்கம். போர்டிலுள்ள கப்பாசிட்டர் 35 வோல்ட் தாங்குவதுதானா என்று அங்கேயே பாருங்கள்.

பவர் சப்ளை மீன்வெல் கம்பனியின் 24 வோல்ட் எல்ஆர்எஸ்-350-24. அதிலுள்ள மின்சார ஸ்விட்ச் 230 வோல்ட்டில் இருக்கட்டும், வோல்ட்டேஜ் திருகைக் கூட்டாதீர்கள்: சப்ளை 28.8 வரை போகும், ஐசிக்கு 26தான் எல்லை. பழைய ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர்களின் கறுப்பு வயர்களை ஒன்றாக முடிந்திருந்தால் முதலில் அதைப் பிரியுங்கள், இந்த ஐசியில் ஸ்பீக்கரின் இரண்டு வயருமே உயிர் வயர், அதாவது இரண்டிலும் சிக்னல் வரும், எதுவும் கிரவுண்ட் இல்லை.